பூனைக்கு கக்கூஸ் மிஷின் வாங்கலாமா?
விலை 32 ஆயிரம்! வாங்கப் போன நிருபர் வீட்டில் நடந்தது என்ன?

மதுரை:

கொலை, கொள்ளை, சங்கிலி பறிப்பு, சாக்கடை அடைப்பு. இந்த நான்கையும்தான் தினமும் உங்களுக்கு எழுதி வருகிறேன். இன்று ஒரு மாறுதலுக்கு பூனை.

சிரிக்க வேண்டாம். இதிலும் உயிர் விஷயம் இருக்கிறது. ஒன்றல்ல, மூன்று உயிர்.

சம்பவம் நடந்த இடம் வில்லாபுரத்தில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் மாடி வீடு. இரண்டு ரூம், ஒரு அடுப்படி. இருப்பது அம்மா, நான், பாண்டி. பாண்டி என்பது பூனை. ஆண். வயது 4.

கீழமாசி வீதியில் ஒரு மளிகை மொத்தக்கடையில் பிறந்தவன் பாண்டி. அரிசி, பருப்பு மூட்டை அடுக்கிய கடைகளில் ராத்திரி வாட்ச்மேன் பூனைதான். சம்பளம் கிடையாது, போனஸ் கிடையாது. எலி மட்டும்தான். அங்கிருந்து ஒரு குட்டியை சட்டைப்பைக்குள் போட்டு கொண்டு வந்தவன் நான்.

அந்தக் காலத்தில் வீட்டுக்கு கொல்லைப்புறம் இருந்தது. பூனை போய் மண்ணைத் தோண்டும், காரியத்தை முடிக்கும், மூடிவிட்டு வரும். யாருக்கும் தொந்தரவு இல்லை. இப்போது மாடி வீட்டில் மண்ணுக்கு எங்கே போவது? வாசல் முழுக்க சிமெண்ட். அதனால் குளியலறை ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் பேசின். அதில் கடையில் விற்கும் பூனை மண். தினமும் கரண்டியால் அள்ள வேண்டும். அள்ளியது பெரும்பாலும் அம்மா.

அக்கா வருகிறாள்

இந்த நிலையில்தான் அக்காவுக்கு ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்தது. தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம்.

மறுநாளே கீழ்வீட்டு அம்மா மாடி ஏறி வந்து பற்ற வைத்து விட்டார்.

"புள்ளத்தாச்சி இருக்குற வீட்ல பூனையா? அதோட அசிங்கத்துல கிருமி இருக்காம்ல. வயித்துல இருக்குற புள்ளைக்கு ஆகாதாம்ல."

அவ்வளவுதான். நான் டூட்டி முடிந்து ராத்திரி வந்ததும் அம்மா உத்தரவு போட்டார்.

"டேய், பாண்டியை சாக்குல கட்டி எங்கிட்டாவது கொண்டுபோய் விட்டுட்டு வா."

அக்கா அழுதாள். பாண்டி பீரோவுக்கு மேல் உட்கார்ந்து வாலை ஆட்டினான்.

எனக்கு சட்டம் ஞாபகத்துக்கு வந்தது. வளர்த்த பிராணியை காரணம் இல்லாமல், பட்டினி கிடக்கும்படி கைவிடுவது 1960-ம் ஆண்டு மிருகவதை தடுப்புச் சட்டம் 11-வது பிரிவின்படி குற்றம். தினமும் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்து செய்தி எடுக்கிறவன், நாளைக்கு நானே செய்தியாகி விடக்கூடாது அல்லவா?

அன்று ராத்திரி போனைத் தடவியபோதுதான் அந்த மிஷின் கண்ணில் பட்டது. தன்னைத்தானே சுத்தம் செய்து கொள்ளும் பூனை கக்கூஸ்! விலை 32 ஆயிரம் ரூபாய். தவணை வசதி உண்டு.

"அக்காவும் இருக்கட்டும், பாண்டியும் இருக்கட்டும். அசிங்கத்தை மிஷின் பார்த்துக்கட்டும்" என்றேன்.

"32 ஆயிரமா? நம்ம வீட்டு கக்கூஸுக்கு கதவு மாத்தி எத்தன வருஷம் ஆச்சு?" என்றார் அம்மா.

நியாயமான கேள்வி. அதனால் பணம் கட்டும் முன்பு, ஒரு குற்றவாளியை விசாரிப்பது போல இந்த மிஷினை விசாரிக்க முடிவு செய்தேன்.

மிஷின் என்ன செய்யும்?

இதில் முக்கியமாக இரண்டு ஜாதி.

ஒன்று, சீப்பு மிஷின். பூனை போய்விட்டு வெளியே வந்ததும் சென்சார் கண்டுபிடித்து விடும். சில நிமிடம் பொறுத்து, ஒரு சீப்பு மண்ணை வாரிக்கொண்டு போய் கட்டிகளை ஒரு டப்பாவில் தள்ளும்.

இரண்டாவது, உருளை மிஷின். பார்க்க ஒரு சின்ன வாஷிங் மிஷின் மாதிரி இருக்கும். பூனை வெளியே வந்ததும் உருளை சுற்றும். உள்ளே இருக்கும் சல்லடை நல்ல மண்ணை நிறுத்திக்கொண்டு கட்டியை மட்டும் கீழ் டிராயரில் கொட்டும்.

உருளை ஜாதியில் பேர் போனது அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் 2000-ம் ஆண்டு விற்பனைக்கு வந்த லிட்டர் ரோபோ. 2022-ல் வந்த அதன் நாலாவது மாடல் அங்கே ஏறக்குறைய 700 டாலருக்கு விற்றது. நான் பார்த்தது அந்த ஜாதியில் மலிவான சரக்கு.

இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். மண் கட்டியானால்தான் மிஷின் வேலை செய்யும். நனைந்தால் கட்டியாகாத ஆற்று மணல், மரத்தூள், சாம்பல் எதுவும் ஆகாது. ஆக, மிஷின் வாங்கினாலும் மண் செலவு மிச்சமாகாது.

முல்தானி மட்டி செய்த புண்ணியம்

மண்ணுக்கு எப்படி காசு வந்தது? அதுவும் ஒரு கதை.

1947-ம் ஆண்டு ஜனவரி. அதே மிச்சிகனில் காசோபோலிஸ் என்ற சிறு ஊர். எட் லோ என்பவர் அப்பாவோடு சேர்ந்து மரத்தூள், மணல், களிமண் வியாபாரம் செய்து வந்தார். பக்கத்து வீட்டுப் பெண்மணி பூனைக்கு மணல் கேட்டு வந்தார். பனியில் மணல் உறைந்து கிடந்தது. சாம்பல் போட்டால் வீடெல்லாம் கறுப்புக் கால்தடம்.

எட் லோ எண்ணெய் உறிஞ்ச வைத்திருந்த களிமண் குருணையைக் கொடுத்து அனுப்பினார். நம் பெண்கள் முகத்தில் பூசும் முல்தானி மட்டி இருக்கிறதே, அதே இனம்தான். அந்தப் பெண்மணி திரும்பத் திரும்ப வந்து கேட்டார். எட் லோ பையில் கட்டி 65 சென்ட் விலை எழுதி கடைக்கு கொண்டு போனார். மணல் ஏறக்குறைய சும்மா கிடைக்கும்போது இதை யார் வாங்குவார் என்றார் கடைக்காரர். "அப்படியானால் இனாமாகக் கொடுங்கள்" என்று வைத்துவிட்டு வந்தார். இனாமாக வாங்கியவர்கள் அடுத்த முறை காசு கொடுத்து கேட்டார்கள்.

1990-ம் ஆண்டு அந்த வியாபாரத்தை அவர் விற்றபோது கிடைத்தது சுமார் 20 கோடி டாலர்!

நனைந்தால் கட்டியாகும் மண் வந்தது 1980-களில். தாமஸ் நெல்சன் என்ற அமெரிக்க உயிர்வேதியியலாளர் பெண்டோனைட் என்ற களிமண்ணைப் பயன்படுத்திப் பார்த்தார். தண்ணீர் பட்டால் ஊதிக்கொண்டு இறுகிவிடும் மண் இது. நம் நாட்டில் குஜராத்தின் கட்ச் பகுதியில் மலை மலையாக வெட்டி எடுக்கிறார்கள். எண்ணெய்க் கிணறு தோண்டவும் இதே மண்தான்.

கிருமி விவகாரம்

இப்போது வீட்டில் பெரிய பிரச்சனைக்கு வருவோம். கீழ்வீட்டு அம்மா சொன்னது புரளியா, உண்மையா?

பாதி உண்மை. கிருமியின் பெயர் டாக்ஸோபிளாஸ்மா. 1908-ல் கண்டுபிடிக்கப்பட்டது. பூனையின் குடலில்தான் அது முட்டை போன்ற உருவில் பெருகி வெளியே வருகிறது என்று நிரூபணம் ஆனது 1970-ம் ஆண்டு வாக்கில். அதை நிரூபித்த விஞ்ஞானிகளில் ஒருவர் இந்தியாவில் பிறந்த ஜிதேந்தர் துபே.

கர்ப்பிணிக்கு அந்தச் சமயத்தில் முதல் தடவையாக இந்தக் கிருமி தொற்றினால் குழந்தைக்கு கண், மூளை பாதிக்கலாம். கரு கலையவும் வாய்ப்பு உண்டு. ஆகவே அலட்சியம் கூடாது.

ஆனால் மறுபாதியைக் கேளுங்கள். எல்லா பூனையும், எல்லா நாளும் கிருமி விடுவதில்லை. எலி, பச்சை இறைச்சி தின்று முதல் தடவை தொற்றிய பூனை ஒன்று முதல் மூன்று வாரம் வரை விடும். பெரும்பாலும் அதோடு சரி.

அதைவிட முக்கியமானது இது. பூனை போட்டதும் அந்தக் கிருமி ஒட்டாது. அது வீரியம் அடைய குறைந்தது ஒரு நாள், அதிகம் போனால் ஐந்து நாள் ஆகும்.

அதாவது இன்று போட்டதை இன்றே அள்ளி விட்டால் ஆபத்து பெருமளவு போச்சு!

அக்காவைப் பார்க்கும் டாக்டரம்மாவும் இதையே சொன்னார். மண்ணை வேறு யாராவது தினமும் அள்ள வேண்டும். கர்ப்பிணி தொடக்கூடாது. வேறு ஆள் இல்லாத வீடு என்றால் கையுறை போட்டு அள்ளி, சோப்பு போட்டு கை கழுவ வேண்டும். பூனைக்கு பச்சைக்கறி போடக்கூடாது. தெருக்குட்டியை புதிதாகக் கொண்டு வரக்கூடாது.

போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார். அரைவேக்காட்டு கறியிலும், கழுவாத கீரையிலும், தோட்டத்து மண்ணிலும் இதே கிருமி வரும். பூனையைத் துரத்தி விட்டு, ஞாயிற்றுக்கிழமை சரியாக வேகாத ஈரலைத் தின்றால் யார் மேல் பழி போடுவது?

கரண்ட் போனால்?

மிஷின் மேல் இருக்கும் மற்ற புகார்களையும் விசாரித்தேன்.

முதல் புகார், கரண்ட். மாதாந்திர பராமரிப்பு என்று ஏரியா வாரியாக பகல் முழுக்க மின்தடை போடுவது நம் ஊருக்குப் புதிதல்ல. அந்த அறிவிப்பை பேப்பருக்கு எழுதிக் கொடுப்பவனே நான்தான். உருளை பாதி சுற்றியிருக்கும்போது கரண்ட் போனால் வாசல் அடைபட்டு நிற்கும். பூனை எங்கே போகும்? அக்காவின் மெத்தைக்குத்தான். பேட்டரி வைத்த மிஷினுக்கு இந்தத் தொல்லை இல்லை. அதற்கு தனியாக காசு.

இரண்டாவது புகார் பயங்கரமானது. 2024-ம் ஆண்டு பிரிட்டனைச் சேர்ந்த பிலிப் புளூம் என்ற ஒளிப்பதிவாளர், பல பெயர்களில் விற்கப்படும் ஒரே மாதிரி மலிவு மிஷின்களை வாங்கி சோதித்து படம் வெளியிட்டார். உருளை சுற்றும்போது பூனையின் தலையோ உடம்போ வாசலில் சிக்கினால் நிற்காத மிஷினும் இருக்கிறது என்பது அம்பலமானது. பூனைகள் சிக்கிச் செத்ததாகவும் புகார்கள் கிளம்பின.

நல்ல மிஷின், பூனை கிட்டே வந்தாலே நின்றுவிடும். ஆனால் எடை அறியும் சென்சாருக்கு குட்டிப் பூனை தெரியாது. லிட்டர் ரோபோ கம்பெனியே ஒன்றரை கிலோவுக்கு குறைந்த குட்டிக்கு மிஷினைத் தானாக ஓட விடாதே என்கிறது.

மூன்றாவது, இடம். பூனை நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு நீளம் தொட்டிக்கு வேண்டும் என்பது கால்நடை மருத்துவர்கள் கணக்கு. பல மிஷின்களில் பாண்டி போன்ற தடியன் உள்ளே திரும்பவே முடியாது. சத்தத்துக்கு பயந்து மிஷின் பக்கமே போகாத பூனைகளும் உண்டு. அப்புறம் அதை சோறு வடிக்கத்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

கடைக்காரர் கணக்கு

பேப்பரும் பேனாவும் எடுத்து கணக்கு போட்டேன்.

இப்போது எங்கள் செலவு: பேசின் 120 ரூபாய். கரண்டி 40 ரூபாய். மண் மாதம் 10 கிலோ, 600 ரூபாய்.

மிஷின் வந்தால்: மண் அதே 600 ரூபாய். அதற்கு மேல் 12 மாத தவணை. வட்டி இல்லாமல் பார்த்தாலே மாதம் 2 ஆயிரத்து 667 ரூபாய். டிராயர் பை தனி. ரிப்பேர் என்றால் மதுரையில் யாரிடம் போவது? டவுன் ஹால் ரோட்டில் வாட்ச், ரேடியோ, செல்போன் எல்லாம் ரிப்பேர் பார்ப்பார்கள். பூனை கக்கூஸைத் தூக்கிக்கொண்டு போனால் உட்காரச் சொல்வார்களா?

சரி, மிச்சமாகும் நேரம்? காலை, மாலை மூன்று மூன்று நிமிடம் அள்ளுகிறோம். மாதத்துக்கு 3 மணி நேரம். மிஷினுக்கும் டிராயரை வாரம் இரண்டு தடவை கொட்ட வேண்டும். உருளையைக் கழற்றிக் கழுவ வேண்டும். அந்த 3 மணியில் பாதி அதிலேயே போய்விடும்.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

இவ்வளவு தெரிந்தும் எனக்கு ஆசை விடவில்லை. உண்மையைச் சொல்கிறேன். அள்ள எனக்கு அருவருப்பு. பிணவறை வாசலில் நின்று டீ குடிப்பவன்தான். ஆனாலும் பூனை கரண்டியை நான் தொட்டதில்லை. ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி ஆர்டர் போட்டுவிட்டு, காலையில் பணம் கட்டலாம் என்று படுத்தேன்.

காய்ந்து கிடந்த மண்

சனிக்கிழமை விடியற்காலை அம்மா உலுக்கி எழுப்பினார்.

"டேய், எந்திரி. பாண்டி ராத்திரி பூரா ஒண்ணுக்கே போகலடா. மண்ணு காஞ்சு கெடக்கு."

"வெளிய எங்கிட்டாவது போயிருப்பான்மா."

"கதவு சாத்தித்தானடா கெடந்துச்சு? அங்க பாரு, போயிப் போயி உக்காருது. ஒரு சொட்டு வரல."

போய்ப் பார்த்தேன். பாண்டி பேசினில் முக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். குரல் மாறியிருந்தது. வயிற்றைத் தொட்டால் கத்தினான்.

வயர்கூடையில் போட்டு, மேலே துண்டைக் கட்டி, ஆட்டோ பிடித்து கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டர் அடிவயிற்றை அழுத்திப் பார்த்து உடனே மேஜையில் ஏற்றினார். சிறுநீர்ப் பாதை அடைப்பு. ஆண் பூனைக்கு அந்தக் குழாய் மிகவும் குறுகல். அடைத்துக்கொண்டால் சிறுநீரகம் கெட்டு, விஷம் ரத்தத்தில் ஏறி, இரண்டு மூன்று நாளில் கதை முடிந்துவிடும். குழாய் விட்டு அடைப்பை எடுத்தார்.

"எப்படி இவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டார்.

"எங்கம்மா மண்ணைப் பார்த்தாங்க சார்" என்றேன்.

வேறு பதில் இல்லை. பாண்டியைச் சாக்கில் கட்டச் சொன்ன அதே அம்மாதான்.

மூன்று நாள் கழித்து பாண்டி வீட்டுக்கு வந்தான். தண்ணீர் நிறைய குடிக்க வைக்க வேண்டும், காய்ந்த தீனியைக் குறைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

நான் ஆர்டரை ரத்து செய்தேன்.

யாருக்கு மிஷின் ஆகும்?

மிஷினே தண்டம் என்று தீர்ப்பு சொல்லமாட்டேன். அது நியாயமாகாது.

விலை கூடிய மிஷின்கள், பூனை எத்தனை தடவை வந்தது, எடை எவ்வளவு என்று எண்ணி போனுக்கு தகவல் அனுப்புகின்றன. அந்தத் தகவலைத் தினமும் பார்ப்பவருக்கு அது கண் போல உதவும். இடுப்புவலி, முட்டிவலியால் குனிய முடியாத பெரியவர்கள், நாலைந்து பூனை வளர்ப்பவர்கள், இரவு ஷிப்ட் வேலைக்குப் போய் தனியாக இருப்பவர்கள், இவர்களுக்கு பணம் இருந்தால் வாங்கலாம். அப்போதும் பழைய பேசினை எறியக்கூடாது. ஒரு பூனைக்கு ஒன்று, அதற்கு மேல் ஒன்று என்பதுதான் தொட்டிக் கணக்கு.

ஆனால் எங்களைப் போன்ற ஒரு பூனை வீட்டில், பார்க்கவே பிடிக்கவில்லை என்பதற்காக வாங்குவது ஆபத்து. டிராயருக்குள் போய் விழுந்தால் கண்ணுக்குத் தெரியாது. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டு விடுமா?

கக்கூஸில் கொட்டாதீர்கள்

கடைசியாக ஒரு நகராட்சி சமாச்சாரம். கை வலிக்க அள்ளிய மண்ணை பலர் கக்கூஸில் கொட்டி தண்ணீர் ஊற்றுகிறார்கள். மிஷின் வைத்திருப்பவரும் அதைச் செய்யலாம். செய்யவே கூடாது. ஈரம் பட்டால் ஊதி இறுகுவதுதான் அந்த மண்ணின் குணம். குழாய்க்குள் சிமெண்ட் கொட்டியது போல ஆகும்.

அடைப்பு எடுக்க மனிதனை இறக்குவதை 2013-ம் ஆண்டு சட்டம் தடை செய்திருக்கிறது. இருந்தும் 2022 ஏப்ரலில் நம் பழங்காநத்தம் நேரு நகரில் கழிவுநீர்த் தொட்டியில் விஷவாயு தாக்கி 3 தொழிலாளர்கள் இறந்ததை மதுரை மறக்க முடியுமா? பாதாளச் சாக்கடை பக்கம் ஒரு ஆள் போக வேண்டிய வேலையை நம் வீட்டுப் பூனை உண்டாக்க வேண்டாம்.

பையில் இறுக்கிக் கட்டி, மக்கும் குப்பையோடு சேர்க்காமல், தூய்மைப் பணியாளரிடம் இன்னது என்று சொல்லிக் கொடுங்கள். பெண்டோனைட் மக்காது. அது போய்ச் சேரும் இடம் வெள்ளக்கல். காற்று திரும்பினால் அந்த வாடை எங்கள் வில்லாபுரத்துக்கே வரும்.

தீர்ப்பு

அக்காவுக்கு பெண் குழந்தை. தாயும் சேயும் நலம். பாண்டியும் நலம். தொட்டில் பக்கம் அவனுக்கு இன்னும் அனுமதி இல்லை. வாசற்படியில் படுத்துக்கொண்டு எட்டிப் பார்க்கிறான்.

மிஷின் வரவில்லை. அதற்குப் பதில் வீட்டில் ஒரு புது ஆள் வேலைக்கு அமர்த்தப்பட்டிருக்கிறான். சம்பளம் கிடையாது, போனஸ் கிடையாது. அது நான்தான்.

காலை 6 மணிக்கு போலீஸ் ஸ்டேஷனுக்கு போன் போடும் முன்பு பேசினுக்குப் போகிறேன். கட்டியை எண்ணி அள்ளுகிறேன். மூன்று நிமிடம். அருவருப்பு பத்து நாளில் போய்விட்டது.

அடுப்படியிலிருந்து அம்மா தினமும் ஒரே கேள்வி கேட்கிறார்.

"டேய், பாண்டி போனானா?"

"போய்ட்டான்மா."

அதற்குப் பிறகுதான் காபி வருகிறது.